கமலா நிவாஸின் ஜீவராசிகள்

மந்தைவெளியில் கமலா நிவாஸ் எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஜலஜா மாமி இருக்கிற ஃப்ளாட் என்று கேட்டால் இஸ்திரி வண்டிக்காரர்கூடக் கையை நீட்டி வழி சொல்லிவிடுவார். அத்தனை பிரபலம். முதல் மாடியில் பின்பக்கம் பார்த்த சமையலறை ஜன்னல் மாமியுடையது. அங்கிருந்து ஏ பிளாக் மாடிப்படி, பி பிளாக் லிஃப்ட் வாசல், பின்கேட் எல்லாம் ஒருசேரத் தெரியும். கட்டினவர் எதை மனதில் வைத்து அப்படி ஒரு ஜன்னலை வைத்தாரோ, மாமிக்கு அளவெடுத்துத் தைத்தது போல அமைந்துவிட்டது. எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள், எந்த வீட்டு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார் என்பதெல்லாம் குழம்பு ஒரு கொதி வருவதற்குள் மாமிக்குத் தெரிந்துவிடும். இதை வம்பு என்று யாராவது சொன்னால் மாமிக்குப் பொத்துக்கொண்டு வரும்.

"நாலு பேரா சேர்ந்து இருக்கற எடத்துல ஒரு அக்கறை வேண்டாமா?" என்பார்.

அக்கறைதான். வேறென்ன.

அந்த ஜன்னலுக்கு நேர் கீழே, பின்மதிலை ஒட்டி, ஒரு காலி இடம் இருந்தது. உடைந்த சிங்க், துருப்பிடித்த ஏ.சி. பெட்டி, யாரோ இளைத்தே தீருவதென்று வாங்கி இளைக்காமலே இறக்கிப் போட்ட ட்ரெட்மில் எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. மதிலோரம் ஒரு பழைய வில்வமரம் மட்டும் இவற்றைச் சகித்துக்கொண்டு நின்றது. பி பிளாக் சாய்நாத்துக்கு அந்த இடத்தின் மேல் ரொம்ப நாளாகக் கண். அவர் அசோசியேஷன் பொருளாளர்; ஆடிட்டராக இருந்து ஓய்ந்தவர். வீட்டில் அவரும் மனைவி ஸ்ரீரஞ்சனியும் இரண்டே பேர், கார் மட்டும் மூன்று. தரை முழுக்கப் பேவர் பிளாக் கல் பதித்துவிட்டால் வேண்டிய மட்டும் கார் நிறுத்தலாம் என்பது அவர் கட்சி.

கார் வந்தால் மாமியின் ஜன்னலுக்குக் கீழே புகை வரும். வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் ஒரு பாழாய்ப்போன மெட்டு பாடும். மாமி விடுவாரா? ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆள் என்றால் ஹம்சினி. மாமியோடு ஒரு காலத்தில் பாட்டு கிளாஸுக்குப் போன சிநேகிதியின் பெண். தேனாம்பேட்டையில் ஒரு பெரிய கம்பெனியில் ஹோட்டல்களுக்கும் ஐ.டி. பார்க்குகளுக்கும் புல்தரை வரைந்துகொண்டிருந்தவள், ஒரு நாள் அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டு, அடையாறில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துத் தனியாகத் தோட்டம் வடிவமைக்கக் கிளம்பிவிட்டாள். அவள் அம்மா இதைச் சொல்லி மாமியிடம் மூக்கைச் சிந்தியபோது மாமி சமாதானம் சொல்லவில்லை. "எங்க ஃப்ளாட் பின்னாடி ஒரு எடம் இருக்கு, வரச்சொல்லு" என்றார்.

போன வருஷம் ஐப்பசியில் பொதுக்குழு. ஏ பிளாக் தூண்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, யார் வீட்டிலிருந்தோ டி.வி.யைக் கழற்றி வந்து வைத்தார்கள். ஹம்சினி லேப்டாப்பைச் சொருகினாள். திரையில் அதே பின்புறம், அதே மதில், அதே வில்வமரம். ஆனால் எல்லாம் புள்ளிகள். செடிக்குப் பச்சை, பூச்சிக்கு மஞ்சள், பறவைக்கு நீலம். எது எதைத் தின்னும், எங்கே முட்டையிடும், எத்தனை வெயில் தாங்கும் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குணம் எழுதிக் கொடுத்திருந்தாள். பக்கத்து ஃப்ளாட்டின் நிழல் எந்த மாதம் எங்கே விழும் என்பதுவரை உள்ளே இருந்தது. ஓடவிட்டதும் புள்ளிகள் தாமாகவே தின்று, பெருகி, செத்து, ஒரு வருஷத்தைக் காப்பி குடிக்கிற நேரத்தில் வாழ்ந்து காட்டின.

"இதுக்குப் பேர் சிமுலேஷன். நட்டுப் பாத்து ஏமாறதுக்குப் பதிலா, இதுலயே ஏமாந்து பாத்துட்டு அப்புறம் நடலாம். இந்தச் செடி இங்க வேண்டாம்னா நகர்த்திட்டு மறுபடி ஓடவிடுவேன்" என்றாள் ஹம்சினி.

"அதாவது தோட்டத்துக்கு ஜாதகம் கணிச்சிருக்கே" என்றார் மாமியின் கணவர். எழுபதை எட்டப்போகிற அந்த மனிதருக்கு இன்னும் அம்பி என்றுதான் பெயர். ஃப்ளாட் முழுக்க அன்றிலிருந்து அதற்கு ஜாதகம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வருஷக் கடைசியில் திரை முழுக்க மஞ்சள் புள்ளிகள் சிறகடித்தன. வெந்தய வரியன், எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்று ஹம்சினி பெயர் சொல்லச் சொல்ல, பட்டாம்பூச்சிக்கு இத்தனை ஜோடனையான பெயரா என்று கூட்டம் வாயைப் பிளந்தது. சாய்நாத் மட்டும் பிளக்கவில்லை.

"சினிமா நன்னாருக்கும்மா. ஆனா ஆடிட்ல நாங்க படத்தை ஒத்துக்க மாட்டோம். அடுத்த பொதுக்குழுவுக்குள்ள நிஜத்துல வரட்டும். வராட்டா பேவர் பிளாக். எழுதிக்கோங்கோ" என்றார்.

"வரும், எழுதிக்கோங்கோ" என்று அதைவிட உரக்கச் சொன்னது ஹம்சினி இல்லை, ஜலஜா மாமி.

தோட்டம் வந்தது. ஜாதகத்தில் சொன்ன இடத்தில் சொன்ன செடி. நடுவே இடுப்பளவு எருக்கு, மதிலோரம் அரளி, நந்தியாவட்டை, மருதாணி, ஒரு எலுமிச்சை, மாமியின் ஜன்னலுக்குக் கீழே வரிசையாகக் கறிவேப்பிலை. மொட்டைமாடித் தண்ணீர் வந்து தங்க ஒரு பள்ளம் தோண்டினார்கள். முதல் மழைக்கே தவளை கத்தியது. ஏ பிளாக்கில் தூக்கம் போச்சு என்று இரண்டு பேர் புகார் கொடுத்தார்கள். மாமிக்கு அது கச்சேரி போல இருந்தது. காலையில் காப்பி டம்ளரோடு கீழே இறங்கி, ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு செடிகளுக்கு நடுவே உட்கார ஆரம்பித்தார். வேடிக்கை பார்த்தே வளர்ந்த கண்கள். எறும்பு எந்த வழியாகப் போகிறது, சிலந்தி நேற்றுக் கட்டின வலையை இன்று ஏன் காலி செய்தது என்று அதிலும் அவருக்குத் துப்பு துலக்க விஷயம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் வாட்ஸப்பில் குட்மார்னிங் அனுப்பிக்கொண்டிருந்த ஜலஜா, இப்போது மருமகளின் வீடியோ காலைக்கூட "அப்பறம் பேசறேண்டி, இங்க ஒரு ஓணான் முறைச்சுண்டிருக்கு" என்று துண்டிக்கிற அளவுக்குப் போய்விட்டார். இந்த இடம் கார் நிறுத்துமிடமாகிவிட்டால் நாற்காலியை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற கவலையும் கூடவே வந்து உட்கார்ந்தது.

எல்லாம் வந்தது, பட்டாம்பூச்சிதான் வரவில்லை. வரவே இல்லை என்று சொல்ல முடியாது. வழி தவறின மாதிரி ஒன்றிரண்டு வரும், கறிவேப்பிலையைச் சுற்றும், போய்விடும். குடும்பம் பெருகவில்லை.

புரட்டாசி பிறந்ததும் சாய்நாத் மூன்றாவது காருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே கேட்டார்: "என்ன மாமி, உங்க பட்டர்ஃப்ளைக்கெல்லாம் இன்னும் விசா கெடைக்கலையா?"

மாமி நாற்காலியைக்கூட மடக்காமல் விருட்டென்று எழுந்தார். மேலே போய் ஹம்சினிக்குப் போன் போட்டார்.

மறுநாள் ஹம்சினி லேப்டாப்போடு வந்து தோட்டத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு செடியாகப் புரட்டிப் பார்த்தாள். முகம் தொங்கிப்போயிற்று. தனியாகத் தொழில் ஆரம்பித்து அவள் போட்ட முதல் தோட்டம் இது. அடுத்ததைத் தரலாமா என்று யோசிக்கிற ஒன்றிரண்டு பேர் இதைப் பார்க்கத்தான் காத்திருந்தார்கள்.

"ஒண்ணுமே புரியல மாமி. என் கணக்குப்படி இப்போ கறிவேப்பிலைல மட்டும் கை நிறையப் புழு இருக்கணும். எருக்கு ஏன் இப்படி மொட்டையா நிக்கறது? யாராவது மருந்து அடிக்கறாங்களா?"

வாட்ச்மேன் வேலுவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பெரும்பாக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர். ஒரு காலத்தில் சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்து, அங்கே பெயர்த்து அனுப்பப்பட்ட குடும்பம்.

"மருந்தா? ஒரு சொட்டு கெடையாது மேடம். நான்தான் கேட்ல கீறேனே."

"ஆடு, மாடு ஏதாவது உள்ள வருதா?"

"ஆடு இன்னாத்துக்கு மேடம்?" என்று சொல்லிவிட்டு வேலு ஜலஜா மாமியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கேட்டில் யாரோ ஹாரன் அடிப்பதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டார். யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

"ஆடு மாடெல்லாம் இல்லேடி. வரதெல்லாம் மனுஷாதான்" என்றார் மாமி.

"மனுஷாளா?"

அவ்வளவுதான், மடை திறந்தது. மூன்றாம் மாடித் தம்பதி வெள்ளி முளைக்கும்போதே கொக்கி வைத்த குச்சியோடு இறங்குவதும், மாமா கிளையை வளைக்க அம்மாள் பிளாஸ்டிக் கவரில் நந்தியாவட்டையை உதிர்ப்பதும் மாமிக்குத் தெரியும். ஸ்ரீரஞ்சனி பிரதோஷத்துக்குப் பிரதோஷம் வில்வத்தைக் கொழுந்தோடு உருவுகிறாள். அவள் கணவர், அதே சாய்நாத், பிள்ளையார் சதுர்த்தியன்று மாலை கட்ட எருக்கைக் கிளை கிளையாக ஒடித்துக்கொண்டு போனார். கோயிலுக்கு வேறு சேர்த்து ஒடித்தார். ஜமீலுன்னிசா டாக்டர் பெருநாளுக்கு முந்தின சாயங்காலம் மருதாணியை மொட்டையடித்துவிடுவாள். பிறகு ஃப்ளாட்டில் எல்லாப் பெண்களுக்கும் அவளே வைத்தும் விடுவாள் என்பதால் அதை யாரும் கேட்பதில்லை. எலுமிச்சை இலையைத் திருஷ்டிக்கோ கஷாயத்துக்கோ ஒருத்தர் பறிக்கிறார். எந்த வீட்டில் எந்த சுவாமிக்கு எந்தக் கிழமையில் எந்தப் பூ என்பதுவரை மாமி மூச்சு விடாமல் சொன்னார்.

ஹம்சினி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பிறகு மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, இது வம்பு இல்ல. டேட்டா!"

"நானும் அதைத்தாண்டி இத்தனை வருஷமா சொல்லிண்டிருக்கேன்" என்றார் மாமி.

தப்பு எங்கே என்று பெண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. அவள் ஜாதகத்தில் எறும்பு இருந்தது, ஓணான் இருந்தது, கொண்டைக்குருவி இருந்தது. மயிலாப்பூர்ப் பக்கத்து மனிதர்கள் இல்லை. நடைபாதையில் நடக்கிறவர்களாக, பெஞ்சில் உட்கார்கிறவர்களாக மட்டும்தான் அவர்களைச் சேர்த்திருந்தாள். தோட்டத்துக்கு வந்தால் வெறும் கையோடு திரும்புகிற மனிதர்கள்! எந்த ஊரில் இருக்கிறார்களோ. இத்தனைக்கும் அவள் அம்மாவே பக்கத்து வீட்டுச் செம்பருத்திக்கு எட்டிக் கை நீட்டுகிற ஜாதிதான். தினமும் பார்க்கிறது கணக்கில் ஏறாது போலிருக்கிறது.

அன்று சாயங்காலமே திரையில் ஒரு புதுப் பிராணி முளைத்தது. ஆரஞ்சு நிறப் புள்ளி. அதற்கு ஹம்சினி 'பூப்பறிப்பான்' என்று பெயர் வைத்தாள். விடியற்காலையில் மேயும், ஈரமாயிருந்தால் வராது, பக்கத்தில் கிடைத்தால் தூரம் போகாது. பஞ்சாங்கமே கம்ப்யூட்டருக்குள் ஏறியது. பிரதோஷம், சதுர்த்தி, வெள்ளிக்கிழமை எல்லாம். ஓடவிட்டதும் எருக்கு மொட்டையானது. வில்வம் இளைத்தது. அச்சு அசல் கீழே இருக்கிற தோட்டம்.

கறிவேப்பிலை மட்டும் பொருந்தவில்லை.

"எல்லாரும் பறிச்சும் கறிவேப்பிலைல புழு இருக்கணும்னுதான் வரது மாமி. ஆனா நெஜத்துல ஒண்ணுகூட இல்ல. மேல் கொழுந்து மட்டும்தான் காணாமப் போறது. பட்டாம்பூச்சி அங்கதான் முட்டை இடும். இன்னும் ஒருத்தர் இருக்கார். தெனம் வரவர். நல்லது கெட்டது தெரிஞ்சு, இளசாப் பாத்துப் பறிக்கறவர். யாரா இருக்கும்?"

ஜலஜா மாமி ஜன்னல் கம்பியைப் பார்த்தார். ஜன்னல் கம்பியில் பார்க்க ஒன்றும் இல்லை.

"வேலுவா இருக்குமோ?" என்றாள் ஹம்சினி.

"சீச்சீ, அவரைச் சொல்லாதே" என்று மாமி அவசரமாகச் சொன்னார்.

"இது பொருந்தலேன்னா நான் மீட்டிங்ல காட்ட மாட்டேன் மாமி. பொருந்தாத படத்தை ஒரு தடவை காட்டினது போதும். சாய்நாத் மாமா இதைத்தான் மொதல்ல பிடிப்பார்" என்று சொல்லிவிட்டு அவள் லேப்டாப்பை மூடிக்கொண்டு போனாள்.

மறுநாள் மத்தியானம். அம்பி மாமா ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"இந்த வருஷம் பூரா ரசம் தூக்கி அடிக்கறதுடி. என்ன போடறே?"

"ஒண்ணும் போடலை. பேசாம சாப்பிடுங்கோ."

"நிஜமாத்தான் சொல்றேன். கறிவேப்பிலை வாசனை—"

"ரசத்துல கறிவேப்பிலை போடாம வேற எதைப் போடுவா? ஊர்ல எல்லாரும் போடறா. என்னை மட்டும் ஏன் கேக்கறேள்?"

அம்பி மாமா கண்ணைத் திறந்தார். நாற்பது வருஷக் குடித்தனம். எதற்கு எது பதில் என்று அவருக்குத் தெரியாதா?

"நீதானா அது?" என்றார் மெதுவாக.

மாமி கரண்டியை வைத்துவிட்டார். "ஒரே ஒரு ஈர்க்குன்னா! அடுப்புல நெய் காயறச்சே இறங்கிப் போய் ஒரே ஒரு ஈர்க்கு. அதுல என்ன குடியா முழுகிடும்? அதுவும் என் ஜன்னலுக்குக் கீழ, நான் போராடி வாங்கின செடி."

"சாம்பாருக்கு?"

"அதுக்கு ஒண்ணு."

"மோருக்கு?"

"நீங்க ஆடிட்டரா, சாய்நாத் ஆடிட்டரா?"

அம்பி மாமா சிரித்துக்கொண்டே மோருக்குக் கையை நீட்டினார். மாமி சிரிக்கவில்லை. ஃப்ளாட்டில் அத்தனை பேரையும் வரிசையாகப் போட்டுக்கொடுத்த வாய் இது. தன் பேரைச் சொன்னால் சாய்நாத் ஆயுசு முழுக்க விடமாட்டார். கேட்டில் பார்க்கும்போதெல்லாம் ரசம் எப்படி மாமி என்பார். சொல்லாவிட்டால் படம் பொருந்தாது. படம் இல்லாவிட்டால் கீழே பேவர் பிளாக். மாமி ஜன்னலில் போய் நின்றார். கீழே ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி வந்து, கறிவேப்பிலையின் மேல் நுனியில் உட்காரப் பார்த்து, உட்கார ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போயிற்று. இளசு முழுவதும் காலை ரசத்தில் இருந்தது.

மாமி போனை எடுத்தார்.

"ஹம்சினி, ஒரு புள்ளி சேத்துக்கோ."

"யாரு மாமி?"

"ஏ பிளாக் மொதல் மாடி."

"மாமி, அது நீங்கன்னா?"

"புள்ளிக்குப் பேர் எதுக்குடி? தெனம் மூணு வேளை, கொழுந்து மட்டும். போட்டுக்கோ."

அன்று ராத்திரிக்குள் எல்லாம் பொருந்திவிட்டதாக ஹம்சினி செய்தி அனுப்பினாள். கூடவே சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகிற பொம்மை ஒன்று. குளவி, ஓணான், எறும்பு, கொண்டைக்குருவி எல்லாம் சேர்ந்து தின்கிற முட்டையைவிட ஏ பிளாக் முதல் மாடிப் பிராணி ஒன்று அதிகம் அழிக்கிறதாம். மாமி அந்தச் செய்தியை உடனே அழித்துவிட்டார். மறுநாளிலிருந்து கடைக் கறிவேப்பிலை. காய்கறிக்காரியிடம் கொசுறாகக் கேட்டு வாங்கி வந்ததில் ரசம் வைக்கோல் மாதிரி இருந்தது. அம்பி மாமா ஒன்றும் சொல்லாமல் குடித்தார். அதற்கே அவருக்குத் தனியாக ஒரு பாராட்டு விழா எடுக்கலாம்.

பொதுக்குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் கூடியபோது தோட்டத்தில் பட்டாம்பூச்சி இல்லை. புழு இருந்தது. கறிவேப்பிலைக் கொழுந்துகளில் அங்கங்கே, கறுப்பும் வெள்ளையுமாக.

சாய்நாத் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "இதா? காக்கா எச்சம் மாதிரின்னா இருக்கு."

"அப்படித்தான் மாமா இருக்கணும். காக்கா தின்னாம இருக்கறதுக்குத்தான் அந்த வேஷம்" என்றாள் ஹம்சினி.

"போன வருஷம் படத்துல றெக்கை காட்டினே. இந்த வருஷம் எச்சத்தைக் காட்டறே. அப்போ தீர்மானப்படி—"

"படம் போடட்டும் சாய்நாத். அப்பறம் தீர்மானம்" என்றார் மாமி.

திரையில் தோட்டம் விழித்தது. முதலில் பச்சை, பிறகு மஞ்சள், நீலம். ஹம்சினி தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த வருஷம் ஒரு முக்கியமான ஜீவராசியைத் தான் கணக்கில் விட்டுவிட்டதாகச் சொன்னாள். மூலைமூலையிலிருந்து ஆரஞ்சுப் புள்ளிகள் புறப்பட்டன.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பி பிளாக் மாடிப்படியிலிருந்து இரண்டு புள்ளிகள் ஜோடியாக இறங்கி நந்தியாவட்டையைச் சூழ்ந்தபோது பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஏன்னா, அது நம்மளா?" என்று மூன்றாம் மாடி அம்மாள் கணவரிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"கொக்கி மட்டும்தான் வரையல" என்றாள் ஜமீலுன்னிசா. அடுத்த நிமிஷம் ஒரு புள்ளி மருதாணியின் மேல் போய் அப்பிக்கொண்டது. "ஐயோ, இது நானு! இவ்ளோ குண்டாவா இருக்கேன்?"

ஒருவர் விடாமல் மாட்டினார்கள். திட்டுவார்கள் என்று பயந்திருந்த ஹம்சினிக்கு ஆச்சரியம். யாருக்கும் கோபம் வரவில்லை. தன் புள்ளியைத் தேடுவதிலும் அடுத்தவர் புள்ளியைக் காட்டிக் கொடுப்பதிலும் அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது. திரையில் சதுர்த்தி வந்தது. ஒரு ஆரஞ்சுப் புள்ளி எருக்கைத் தரைமட்டமாக்கியதும் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"சுவாமி காரியம்" என்றார் சாய்நாத், விறைப்பாக. "அது கெடக்கட்டும். கறிவேப்பிலைல தெனம் ஒண்ணு வந்துண்டே இருக்கே, அது யாரு? அதுதான் பெரிய திருடனா இருக்கும் போலிருக்கு."

ஹம்சினி மாமியைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்தாள். கேட்டருகில் நின்றிருந்த வேலு வானத்தைப் பார்த்தார்.

ஜலஜா மாமி எழுந்து நின்று புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டார். "நான்தான்."

தூண்கள் அதிர ஒரு சிரிப்பு எழுந்தது. சாய்நாத் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. "மாமி! நீங்களா! ஊர் வம்பெல்லாம்—"

"சிரிங்கோ, சிரிச்சு முடிச்சப்பறம் சொல்றேன். நிறுத்திப் பதினஞ்சு நாள்கூட ஆகலை, புழு வந்துடுத்து. நான் ஒருத்தி கையை வெச்சுண்டு சும்மா இருந்ததுக்கே இது. மீதியை நீ சொல்லுடி."

ஹம்சினி மீதியைச் சொன்னாள். யாரும் பறிக்கவே இல்லை என்று வைத்து அவள் ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தாளாம். அப்படி ஒரு கமலா நிவாஸ் இந்த உலகத்தில் கிடையாது என்பதால் அதை அழித்துவிட்டாளாம். அதற்குப் பதில் வாசல் பக்கம், கைக்கு எட்டுகிற உயரத்தில், பறிப்பதற்கென்றே ஒரு வரிசை: நந்தியாவட்டை, செம்பருத்தி, இளம் வில்வம், ஒரு எருக்கு, இரண்டு கறிவேப்பிலை. பூப்பறிப்பான் சோம்பேறிப் பிராணி, முன்னால் கிடைத்தால் பின்னால் போகாது. பின்வரிசை முழுக்கப் பூச்சிக்கு. ஓடவிட்டாள். ஆரஞ்சுப் புள்ளிகள் வாசலோடு மேய்ந்துவிட்டுத் திரும்பின. பின்னால் மஞ்சள் பூத்துக் குலுங்கியது.

"எல்லாம் சரி. எழுதினது எழுதினதுதான்" என்று சாய்நாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "படத்துல வந்தது நிஜத்துல வரலை. பேவர் பிளாக்குக்கு யாரெல்லாம் கை தூக்கறேள்?"

அவர் கை போயிற்று. கார் வைத்திருக்கிற இன்னும் சிலரின் கைகள் பாதி தூரம் போயின. பாதியில் நின்றன. திரையில் இன்னும் அந்த ஆரஞ்சுப் புள்ளிகள் பூவும் இலையுமாகப் படியேறிக்கொண்டிருந்தன. பேவர் பிளாக் பதித்தால் நாளைக் காலையில் குச்சியை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்ற கேள்வி மூன்றாம் மாடி மாமாவின் முகத்தில் அப்பட்டமாக எழுதியிருந்தது. அவர் கை இறங்கியது.

"நீங்க கையை எறக்குங்கோ" என்று ஒரு குரல் கேட்டது. ஸ்ரீரஞ்சனி. சபையில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"என்னடி?"

"பிரதோஷத்துக்கு வில்வம் எங்கேருந்து கொண்டுவருவேள்? கார்லேருந்தா பறிப்பேள்? மூணு கார் இருக்கு, ஒரு இலை தரலை இதுவரைக்கும்."

ஆடிட்டர் பல கணக்குகளைப் பார்த்தவர். இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை. கை மெல்லக் கீழே வந்தது. போன வருஷம் முழுக்கத் தோட்டத்தைத் தின்று தீர்த்த கூட்டம், தின்ன வேண்டும் என்பதற்காகவே அதைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுக் காப்பிக்குக் கலைந்தது. ஹம்சினி டி.வி. ஒயரைச் சுருட்டும்போது ஜமீலுன்னிசா பக்கத்தில் வந்து, மயிலாப்பூரில் தன் கிளினிக் மொட்டைமாடி சும்மாதான் கிடக்கிறது, ஒரு ஜாதகம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். ஹம்சினியின் அம்மாவுக்கு இந்தச் செய்தி போனில் போய்ச் சேர்ந்தபோது பெண் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை. யார் சொல்லியிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

அடைமழை விட்ட மார்கழியில் கறிவேப்பிலை அழகிகள் குடித்தனமாகவே வந்துவிட்டன. வாசல் வரிசை ஜாதகம் சொன்னபடியே விடிவதற்குள் மொட்டையாகிறது. சாய்நாத் கேட்டில் பார்த்தால் ரசத்தைப் பற்றி விசாரிக்கத் தவறுவதில்லை. மாமியும் வில்வத்தைப் பற்றித் திருப்பி விசாரிக்கத் தவறுவதில்லை. அம்பி மாமாவுக்கு வாசல் வரிசையின் முற்றின இலையில்தான் ரசம்.

ஆனால் மாமிக்கு ஒரு குறையும் இல்லை. ஜன்னலில் நின்றபடி ஹம்சினிக்குப் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்:

"கேளுடி இந்தக் கூத்தை. அந்தப் பொண் பட்டாம்பூச்சி இருக்கே, அது தன் இனத்து வேஷத்துலயே வரலை. செகப்புப் பொட்டு வெச்சுண்டு வேற ஆத்துக்காரி மாதிரி வந்து நிக்கறது. நீ சொன்னியே, விஷம்னு குருவிகூடத் தொடாத பட்டாம்பூச்சி, அந்த ரோஸ் அழகி, பாத்தா சாட்சாத் அவளேதான். அந்த ஆம்பளை என்னடான்னா எலுமிச்சையண்டையே சுத்திண்டிருக்கான், ரெண்டு நாளா. எனக்கென்னவோ சரியாப் படலை. இரு இரு, அப்பறம் பேசறேன், இப்போதான் ரெண்டும் ஒண்ணா எறங்கறது."